வழிமறிக்கும் அதிகாரமும் வழிச்செல்வோர் உரிமையும்

(கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய அரசியற் பிரச்சினைகளைப் பேசுவதற்கே நாம் வழக்கமாக மேடை ஏறுகின்றோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் அருகில் சிறியதாகத் தோன்றலாம். தெருவோரத்தில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் கையை உயர்த்துகின்றார், வண்டி நிற்கின்றது, பதிவுப் பத்திரத்தையும் காப்புறுதிச் சான்றிதழையும் காட்டும்படி கேட்கின்றார். இதிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் உங்களில் எத்தனை பேர் பாராளுமன்றத்தைக் கண்டிருக்கிறீர்கள்? உயர் நீதிமன்றத்தின் படிகளில் ஏறியிருக்கிறீர்கள்? அரசாங்கத்தை நம்மிற் பெரும்பாலோர் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அந்தத் தெருவோரமே. ஆதலால் அங்கே நடப்பதைச் சிறிதென்று நாம் கருதவில்லை.

அண்மையில் ஒருநாள் வழக்கொன்றிற்காக அதிகாலையிற் புறப்பட்டோம். முப்பது கிலோமீற்றருக்குள் மூன்று இடங்களில் நிறுத்தப்பட்டோம். முதல் இரண்டு இடங்களிலும் வருமான அனுமதிப் பத்திரத்தையும் காப்புறுதிச் சான்றிதழையும் பார்த்தார்கள், திருப்பித் தந்தார்கள், போகச் சொன்னார்கள். அதில் எமக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது இடத்தில் நின்றவர் பத்திரங்களைக் கையில் வாங்கிக்கொண்டார். எங்கே போகிறீர், யாரைக் காணப் போகிறீர், பின்னாசனத்தில் இருக்கும் கட்டில் என்ன கடதாசி என்று கேட்டுக்கொண்டே நின்றார். கால் மணி நேரத்தின் பின் பத்திரங்களைத் திருப்பித் தந்தார். வாங்கும்போது எப்படி மடித்திருந்தனவோ அப்படியே மடிந்தபடி தந்தார். பத்திரம் பார்ப்பதற்கென்று நிறுத்தியவர் பத்திரத்தை விரித்தும் பார்க்கவில்லை!

இன்று நாம் சொல்ல வந்தது முழுவதும் அந்த மடிப்புக்குள் அடங்கும்.

முதலில் நியாயத்தை நியாயமாகச் சொல்லிவிடுவோம். பத்திரம் பார்க்கும் அதிகாரம் தவறானதன்று. இந்நாட்டின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பதிவில்லாத வண்டியும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியில்லாத வண்டியும் தெருவிற் செல்லலாகாது என்று விதித்திருக்கின்றது. அந்த விதி பொலிசாருக்காகச் செய்யப்பட்டதன்று, வண்டிக்காரனுக்காகவும் செய்யப்பட்டதன்று. தெருவோரமாகச் சைக்கிளிற் போகின்றவனுக்காகவும் பாடசாலைக்கு நடந்து போகின்ற பிள்ளைக்காகவும் செய்யப்பட்டது. வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ காயமுற்றாலோ, நீதிமன்றம் விதிக்கும் நட்டஈட்டைக் காப்புறுதிக் கம்பனி கொடுத்துத் தீரவேண்டும் என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி.

காப்புறுதியில்லாத வண்டி மோதினால் என்ன நிகழும் என்பதை எமது தொழிலிற் கண்டிருக்கின்றோம். குடும்பத் தலைவனை இழந்த ஒரு பெண்ணுக்காகப் பல ஆண்டுகள் வழக்காடினோம். வென்றோம். தீர்ப்பின் பிரதியை அவர் கையிற் கொடுத்தோம். எதிராளியிடம் இருந்ததோ நொறுங்கிப்போன அந்த லொறியும் அதன் மேலிருந்த கடனும்தான். தீர்ப்பு அந்த அம்மையாரின் பெட்டிக்குள் இருக்கின்றது. ஒரு சதமும் வரவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரிமை பேசும் கூட்டத்தில் "பத்திரம் கேட்க இவர்கள் யார்?" என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கைதட்டல் எமக்கு வேண்டாம். நம்மவரிலும் உழவு இயந்திரத்தின் காப்புறுதியைப் புதுப்பிக்காமல் பெட்டியில் நெல் மூடைகளை ஏற்றி, மூடைகளின் மேல் ஆட்களையும் ஏற்றி, இரவில் பின்விளக்கும் இல்லாமல் பெருந்தெருவில் ஓட்டுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அறுவடைக் காலத்தில் ஆயிரம் செலவுகள் உண்டென்பது எமக்குத் தெரியும். அந்தச் செலவுகளில் இதுவும் ஒன்று.

ஆகவே பத்திரம் பார்க்கலாமா என்பது கேள்வியன்று. நூறு வண்டிகள் போகும் தெருவில் இந்த ஒரு வண்டியை ஏன் நிறுத்தினீர் என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை அந்த உத்தியோகத்தருக்கு உண்டா, இல்லையா? வேறு நாடுகளின் உயர்ந்த நீதிமன்றங்கள் இதே கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளுக்கும் வந்திருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெலவெயர் என்றொரு சிறிய மாநிலம் உண்டு. 1976ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு 7.20 மணியளவில் அங்கே ஒரு ரோந்துப் பொலிஸ்காரர் ஒரு காரை மறித்தார். அந்தக் கார் வீதி விதி எதையும் மீறவில்லை. அதில் இருந்தவர்கள் சந்தேகப்படும்படி எதையும் செய்யவுமில்லை. சாரதி அனுமதிப் பத்திரத்தையும் பதிவையும் பார்ப்பதற்காக நிறுத்தினேன் என்றார் பொலிஸ்காரர். வேறு முறைப்பாடு எதையும் அப்பொழுது கவனிக்க வேண்டியிருக்கவில்லை, காரைக் கண்டேன், மறித்தேன் என்று நீதிமன்றத்தில் ஒளிக்காமலே சொன்னார். எந்த வண்டியை நிறுத்துவது, எதை விடுவது என்பதற்குத் திணைக்களம் வகுத்த விதி எதையும் அவர் பின்பற்றவில்லை. காருக்குள் கஞ்சா அகப்பட்டது. அதனால் வழக்கு வந்தது; டெலவெயருக்கும் புரௌஸ் என்பவருக்கும் இடையிலான வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1979 மார்ச் 27இல் தீர்ப்பு வந்தது. எட்டு நீதியரசர்கள் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம். நீதியரசர் வைற் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இது: வீதிப் பாதுகாப்பு அரசாங்கத்தின் நியாயமான அக்கறை, பத்திரம் பார்ப்பதும் நியாயமே. ஆனால் ஒரு தனி உத்தியோகத்தர், தமக்குத் தோன்றிய வண்டியைத் தமக்குத் தோன்றிய நேரத்தில், ஒரு காரணமுமின்றி மறிப்பது அரசியலமைப்புக்கு மாறானது. தெருவில் விதி மீறுகின்றவர்களை நிறுத்திச் சோதிக்கும் வாய்ப்பு நாள்தோறும் இருக்கின்றது. அவர்களிடையேதான் அனுமதியில்லாத சாரதிகள் அகப்படக்கூடியவர்கள். கண்டபடி மறிப்பதால் மேலதிகமாகக் கிடைக்கும் பயன் மிக அற்பம். அந்த அற்பப் பயனுக்காக எல்லையற்ற தற்றுணிபை ஒருவர் கையில் ஒப்படைக்க முடியாது. அதே வேளையில், தெருவில் வரும் எல்லா வண்டிகளையும் ஒருசேர நிறுத்திப் பார்ப்பது போன்ற, தனியொருவரின் விருப்பத்துக்கு இடமளிக்காத முறைகளை இத்தீர்ப்புத் தடுக்கவில்லை என்றும் அந்நீதிமன்றம் சொல்லி வைத்தது.

மாறுபட்டு எழுதிய நீதியரசர் றென்குயிஸ்ற் இதை எள்ளி நகையாடினார். ஒருவனை மறித்தால் குற்றம், எல்லோரையும் மறித்தால் குற்றமில்லையா? மோட்டார் வண்டிக்காரர் என்ன செம்மறியாடுகளா, மந்தையோடு நின்றால் அச்சம் குறைந்துவிடுமா என்ற கருத்துப்பட எழுதினார். வேடிக்கையான கேள்விதான், ஆனால் வெறும் வேடிக்கையன்று. அதற்கு நமது நாட்டு அனுபவத்திலிருந்து பின்னால் விடை சொல்வோம்.

இனிக் கனடாவுக்கு வருவோம். உங்களிற் பலரின் பிள்ளைகளும் சகோதரர்களும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கின்றார்கள். ஆகவே இது அவர்களுடைய கதையும் ஆகும். அங்கே உச்ச நீதிமன்றம் வேறு வழியிற் சென்றது. 1988இல் ஹவ்ஸ்கி என்பவரின் வழக்கில், எந்த வண்டியை நிறுத்துவது என்பதற்கு விதியேதும் இல்லாத சோதனை ஒருவரைக் காரணமின்றித் தடுத்து வைப்பதேயாகும் என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும், வீதிப் பாதுகாப்பின் பொருட்டு அதை அனுமதிக்கலாம் என்றது. 1990இல் லடூசர் என்பவரின் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஒட்டாவா நகரில் ரோந்து சென்ற பொலிசார் வழியிற் கண்ட ஒரு வண்டியை நிறுத்தினார்கள். சாரதியின் அனுமதிப் பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. இவ்வாறு தனி வண்டியை மறிப்பதும் செல்லும் என்று ஐந்து நீதியரசர்கள் சொன்னார்கள். அவர்களுடைய நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. அனுமதியில்லாத சாரதியும் காப்புறுதியில்லாத வண்டியும் வெளிப்பார்வைக்கு மற்றவர்களைப் போலவே இருப்பார்கள். நிறுத்திக் கேட்டாலன்றி அறிய வழியில்லை என்றார்கள்.

மற்ற நால்வரும் இதற்கு உடன்படவில்லை. அவர்களுக்காக எழுதிய நீதியரசர் சொபின்கா, இத்தகைய அதிகாரம் கையில் இருந்தால் ஓர் உத்தியோகத்தர் இளைஞரை மறிப்பார், இன்னொருவர் பழைய வண்டியை மறிப்பார், வேறொருவர் மனத்தில் இனமும் நிறமும் கூட இடம்பெறலாம் என்று எச்சரித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. மொன்றியலில் லுவாம்பா என்ற கறுப்பின மாணவர் காரணமின்றிப் பலமுறை நிறுத்தப்பட்டு, ஒருமுறையேனும் தண்டப் பத்திரம் இல்லாமல் அனுப்பப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஒக்டோபரில் கியூபெக் மேல் நீதிமன்ற நீதியரசர் யெர்கோ, காரணமின்றித் தனி வண்டியை மறிக்கும் அதிகாரம் கறுப்பினத்தவர் மேற் பாரபட்சமாகப் பிரயோகிக்கப்படுகின்றது, ஆகவே அது செல்லாது என்று தீர்ப்பளித்தார். குடிபோதைச் சாரதிகளைக் கண்டுபிடிக்க முறையாக ஒழுங்கு செய்யப்படும் மறியல்களை அத்தீர்ப்புத் தொடவில்லை. 2024 ஒக்டோபரில் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவையே ஆதரித்தது. பின்னர் அவ்வழக்குக் கனடா உச்ச நீதிமன்றத்துக்கும் கொண்டு செல்லப்பட்டது. 1990இல் நால்வர் எழுதிய எச்சரிக்கை சாட்சியங்களோடு திரும்பி வந்தது என்பதையே இதிற் கவனிக்க வேண்டும்.

நிறுத்திக் கேட்டாலன்றி அறிய வழியில்லை என்ற பழைய நியாயமும் இன்று தேய்ந்துவிட்டது. 2016இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் தமது வண்டியில் இருந்தபடியே முன்னால் சென்ற வண்டியின் இலக்கத்தைக் கணினியிற் பார்த்தார். அதன் சொந்தக்காரரின் சாரதி அனுமதி பறிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதன் பின்னரே மறித்தார். 2020இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்றது. இங்கிலாந்திலோ காப்புறுதி பெற்ற வண்டிகளின் விபரம் முழுவதும் ஒரே பேரேட்டில் இருக்கின்றது. தெருவிற் பொருத்திய கருவி இலக்கத் தகட்டைப் படித்துச் சொல்லிவிடும். அந்நாட்டுச் சட்டம் காரணமின்றி வண்டியை நிறுத்தும் அதிகாரத்தைச் சீருடைப் பொலிசாருக்குக் கொடுத்திருக்கின்றது, மறைக்கவில்லை. ஆனால் காப்புறுதிச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு அதைப் பொலிஸ் நிலையத்திற் காட்ட ஏழு நாள் தவணையும் கொடுத்திருக்கின்றது. நமது நாட்டிலும் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் வருமான அனுமதிப் பத்திரம் பெற முடியாது. அதை இணையவழியிற் பெறும் ஏற்பாடும் வந்துவிட்டது. கணினியில் இருக்கும் விபரத்தை அறிய, மூடை ஏற்றிவரும் கமக்காரனை வெயிலில் இறக்கி நிறுத்த வேண்டுமா?

கருவியிடமும் நாம் முழு நம்பிக்கை வைக்கவில்லை. எவருடைய இலக்கத்தைப் பார்ப்பது என்று தெரிவதும் ஒரு மனிதரே. ஆயினும் கையை உயர்த்துமுன் ஒரு காரணம் பிறந்திருக்கின்றது. அந்தக் காரணம் எழுத்தில் இருக்கின்றது. பின்னால் நீதவான் கேட்டால் அதைக் காட்டலாம்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். வைற் அந்தத் தீர்ப்பை எழுதிய அதே 1979ஆம் ஆண்டில் இந்நாட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பிடியாணையின்றி ஒருவரைக் கைது செய்வதானால் நியாயமான சந்தேகம் போன்ற அடிப்படை வேண்டுமென்று அது சொல்கின்றது. மற்றது ஜூலையில் வந்த 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். எந்த ஆளையும் எந்த வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தை அது கொடுத்தது. மூன்று ஆண்டுக்கென்று வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. வண்டிப் பத்திரம் பார்ப்பது ஒரு சட்டத்தின் வேலை, ஆளைச் சோதிப்பது வேறொரு சட்டத்தின் வேலை. தெருவில் நிற்கும்போது இந்த வேறுபாடு நமக்கும் தெரிவதில்லை. கை உயர்த்துகின்றவருக்கும் பல வேளைகளில் நினைவிருப்பதில்லை. போர்க்காலத்தில் ஏற்பட்ட பழக்கம், போக்குவரத்துச் சட்டத்தின் சீருடையை அணிந்துகொண்டு இன்னும் தெருவில் நிற்கின்றது.

றென்குயிஸ்ற்றின் செம்மறியாட்டுக் கேள்விக்கு விடை சொல்வோம் என்றோமல்லவா? எல்லா வண்டிகளையும் நிறுத்தினால் பாரபட்சம் ஒழியும் என்று அமெரிக்க நீதிமன்றம் நம்பியது. ஆனால் நாம் கண்டது என்ன? போர்க்காலத்தில் எல்லா பஸ்களும் நிறுத்தப்பட்டன. எல்லோரும் அடையாள அட்டையை நீட்டினார்கள். அட்டையிலே தமிழ் எழுத்தைக் கண்ட இடத்தில், பிறந்த இடம் வடக்கென்றும் கிழக்கென்றும் கண்ட இடத்தில், சிலர் மட்டும் இறக்கப்பட்டார்கள். மற்றவர்களோடு பஸ் போய்விட்டது. நிறுத்துவதில் சமத்துவம் இருந்தது, போகவிடுவதில் இருக்கவில்லை. ஆதலால் எல்லோரையும் நிறுத்து என்று கேட்பதோடு நாம் அமைய முடியாது. பத்திரம் பார்க்க நிறுத்தினால் பத்திரத்தைப் பார். அது சரியாக இருந்தால் அக்கணமே போகவிடு என்றும் கேட்கவேண்டும். எங்கே போகிறாய், வீட்டில் யார் இருக்கின்றார் என்று கேட்பதற்குக் காப்புறுதிச் சான்றிதழ் திறவுகோல் ஆகக்கூடாது.

இதற்கு நமது சட்டத்தில் ஆதாரம் இல்லையா? உண்டு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும், 13ஆம் உறுப்புரை சட்டமுறைப்படியன்றிக் கைது செய்யப்படாதிருக்கும் உரிமையையும், 14ஆம் உறுப்புரை நடமாடும் சுதந்திரத்தையும் தருகின்றன. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கு இலங்கைச் சட்ட அறிக்கைகளின் 1989ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கின்றது. பஸ்ஸிற் பயணஞ் செய்த ஒருவரை, நாவலப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்கு வா என்று பொலிசார் அழைத்துச் சென்றார்கள். விலங்கிடவில்லை, அடைக்கவில்லை, கேள்வி கேட்கவே அழைத்தோம் என்றார்கள். பிரதம நீதியரசர் சர்வானந்தா அதை ஏற்கவில்லை. அவர் தமது பயணத்தைத் தொடர முடியாமற் செய்தீர்கள். அதுவே கைது என்றார். கடமையின் பொருட்டுப் பத்திரத்தைப் பார்த்து அனுப்புவது கைதாகாது. பத்திரம் சரியென்று கண்ட பின்னும் ஒருவரைப் பயணந் தொடர விடாமற் பிடித்து வைப்பதற்கு வேறு சட்ட அடிப்படை காட்டப்பட வேண்டும் என்பது எமது வாதம். அந்த வாதத்துக்கு இத்தீர்ப்பு வலிமையான துணை என்று நாம் கருதுகின்றோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987இன் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. அப்படியிருந்தும் தனிச் சிங்களத்தில் எழுதிய தண்டப் பத்திரத்தோடு எம்மிடம் வருகின்றார்கள். என்ன குற்றம் என்று கேட்டால், "தெரியாது ஐயா, காசு கட்டச் சொன்னார்கள்" என்கின்றார்கள். தமது குற்றம் என்னவென்று வாசிக்கத் தெரியாமலே கமக்காரர் தபாற்கந்தோரிற் பணங் கட்டுகின்றார். குற்றம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டென்பதை எந்த மொழியில் அவர் அறிவார்?

நாம் கேட்பது பெரிதன்று. பதிவும் காப்புறுதியும் பார்க்கும் மறியலை எங்கே, எப்பொழுது, எந்த ஒழுங்கில் நடத்துவது என்பதை மேலதிகாரி ஒருவர் எழுத்தில் முன்கூட்டியே தீர்மானிக்கட்டும். எல்லா வண்டியுமோ, ஐந்தில் ஒன்றோ, அது அவர் விருப்பம். கை உயர்த்துகின்றவரின் விருப்பமாக இருத்தலாகாது. அந்த ஒழுங்குக்குப் புறம்பாக ஒரு வண்டியை மறித்தால் காரணத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதட்டும். சாரதிக்கு விளங்கும் மொழியிற் சொல்லட்டும். பத்திரத்தை வீட்டில் மறந்து வந்தவருக்கு இங்கிலாந்தைப் போலச் சில நாள் தவணை கொடுக்கட்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, புதிய உத்தியோகத்தரும் வேண்டியதில்லை. நேர்மையாகக் கடமை செய்யும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு, அவர்கள் பலர், இது ஒரு பாதுகாப்பும் ஆகும். வீண்பழியிலிருந்து அந்தக் குறிப்புப் புத்தகமே அவரைக் காக்கும்.

இதைக் கேட்பதற்கு எமக்குச் சாட்சியம் வேண்டும். லுவாம்பாவின் வழக்கு வென்றது நாவன்மையினால் அன்று. எத்தனை முறை, எந்த நாளில், எந்த இடத்தில் என்று சொல்லக்கூடியவர்கள் முன்வந்ததினால். நமது மக்களோ நடந்ததைத் தேநீர்க்கடையிற் சொல்லிவிட்டு மறந்துவிடுகின்றார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கிற் சேராது. மூன்று மாதங் கழித்து எம்மிடம் வந்து அழுதால் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இன்று வாயிலில் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். கடந்த ஒரு மாதத்தில் வண்டியோடு நிறுத்தப்பட்டவர்கள், நாள், நேரம், இடம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், பத்திரத்தைப் பார்த்தார்களா, வேறு என்ன கேட்டார்கள் என்பதை எழுதிவிட்டுப் போங்கள். எழுத இயலாதவர்களுக்கு இங்குள்ள ஆசிரியர்கள் எழுதித் தருவார்கள். மரியாதையாக நடத்தி உடனே போகவிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அதுவும் சாட்சியமே. வருகின்ற சனிக்கிழமை காலை எமது கந்தோரில் இருப்போம். தண்டப் பத்திரம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பதினான்கு நாள் தவணை இருக்கின்றது என்பதை மறவாதீர்கள். வரும்பொழுது வண்டியின் காப்புறுதிச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். திகதி முடிந்திருக்கின்றதா என்பதை முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பேசுவோம்.